‘பாதி உண்மை’ என்று ஒரு முத்திரை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் செய்தி சரிபார்ப்புப் பகுதியில் தேடும் வேலை நன்றாகவே நடக்கிறது. வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரு படம் எந்த ஊரில் எந்த ஆண்டு எடுத்தது என்று கண்டுபிடிக்கிறீர்கள். மேற்கோள் காட்டப்பட்டவர் அப்படித்தான் பேசினாரா என்று முழுக் காணொளியையும் பார்க்கிறீர்கள். குறை இருப்பது கடைசியில் குத்தும் முத்திரையில். உண்மை, பொய், பாதி உண்மை, ஆதாரம் இல்லை என்று நான்கு வைத்திருக்கிறீர்கள். இவை ஒரே கேள்விக்கு நான்கு பதில்கள் அல்ல. முதல் இரண்டும் உலகத்தில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்கின்றன. நான்காவது, நம் கையில் என்ன இருக்கிறது என்பதைச் சொல்கிறது. மூன்றாவது பெரும்பாலும் பதிலே அல்ல. சரிபார்க்க எடுத்த வாக்கியத்தைப் பிரிக்காமல் விட்டதன் அடையாளம்.

சென்ற வாரம் இதே பக்கத்தில் ஒரு வாசகர், முத்திரைகள் அடிக்கடி மாறுவதைச் சுட்டிக்காட்டி, ஆகவே உண்மை என்பதே அவரவர் பார்வைதான் என்று எழுதியிருந்தார். அவர் அந்த முடிவுக்கு வர இந்தக் கலப்படமும் ஒரு காரணம். அவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

ஒன்று உண்மையாக இருப்பது வேறு, அது உண்மை என்று நமக்குத் தெரியவருவது வேறு. எளிய வேறுபாடுதான். ஆனால் உண்மை பற்றிய தத்துவ விவாதங்களில் எழும் குழப்பத்தில் பெரும்பங்கு இந்த இரண்டையும் ஒன்றாக்குவதால் வருவது. முதலாவதற்கு அரிஸ்டாட்டில் சொன்ன விளக்கமே இன்றுவரை தொடக்கப் புள்ளி. உள்ளதை உண்டு என்றும் இல்லாததை இல்லை என்றும் சொல்வது மெய்; உள்ளதை இல்லை என்றும் இல்லாததை உண்டு என்றும் சொல்வது பொய். இந்த விளக்கத்தில் யார் சொன்னார், எத்தனை பேர் நம்பினார்கள், எப்போது தெரியவந்தது என்பதற்கெல்லாம் இடமே இல்லை என்பதைக் கவனியுங்கள். தமிழில் ‘உண்மை’ என்ற சொல்லும் ‘உள்’ என்ற அடியிலிருந்து வந்ததுதான். பழைய நூல்களில் அதன் முதற்பொருள் இருத்தல். அந்தப் பொருளில் அதற்கு எதிர்ச்சொல் இன்மை. சொல்லின் பிறப்பு ஒரு வழக்கைத் தீர்த்துவிடாது. ஆனாலும் அந்தச் சொல்லை ஆண்டவர்கள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பது தெரிகிறது.

இதைப் பொருத்தக் கோட்பாடு என்பார்கள்: சொன்னது உள்ளதோடு பொருந்தினால் உண்மை. இதற்கு எழுந்த வலுவான ஆட்சேபம், ஒரு வாக்கியத்தையும் அது சொல்லும் நிலைமையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எப்படி ஒப்பிடுவது என்பது. நிலைமையைப் பார்க்கப் போனால், ‘பார்த்தேன்’ என்ற இன்னொரு நம்பிக்கைதான் கையில் கிடைக்கிறது. ஆகவே நம்பிக்கைகளை நம்பிக்கைகளோடுதான் ஒப்பிட முடியும், எல்லாம் ஒன்றோடொன்று இசைந்து நிற்பதே உண்மை என்றார்கள் ஒத்திசைவுக் கோட்பாட்டினர். இங்கிலாந்தில் பிராட்லியும், 1906-ல் இதற்கென்றே ஒரு நூல் எழுதிய ஹெரால்டு ஜோக்கிமும் அந்தப் பக்கம். அமெரிக்காவில் வில்லியம் ஜேம்ஸ் 1907-ல் வெளியிட்ட சொற்பொழிவுகளில் வேறு வழி எடுத்தார்: ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தால் அது நம்மைத் தடுமாறாமல் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா, அதில்தான் அதன் உண்மை இருக்கிறது என்றார். இரண்டுமே சோதனை முறைகளாக நல்லவை. உங்கள் சரிபார்ப்பாளர்கள் தினமும் செய்வதும் இவற்றைத்தான். ஆனால் சோதனையையே உண்மை என்று எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு வானியலில் ஒரு வழக்கு இருக்கிறது.

யுரேனஸ் கோள் கணக்குப்படி நகரவில்லை. அதற்கு அப்பால் தெரியாத ஒரு கோள் இழுக்கிறது என்று பிரெஞ்சு வானியலாளர் லெ வெரியே கணக்கிட்டு, அது வானத்தில் எங்கே இருக்கும் என்றும் சொன்னார். 1846 செப்டம்பர் 23 இரவு பெர்லினில் காலே என்ற வானியலாளர் தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து 1 டிகிரிக்குள் நெப்டியூன் கிடைத்தது. அடுத்து புதன். சூரியனுக்கு மிக அருகில் அது வரும் புள்ளி மெல்ல நகர்கிறது. மற்ற கோள்களின் இழுப்பையெல்லாம் கழித்த பிறகும் நூறாண்டுக்கு 38 வினாடிக்கோணம் மிஞ்சுகிறது என்று 1859-ல் லெ வெரியே அறிவித்தார். ஒரு வினாடிக்கோணம் என்பது ஒரு டிகிரியில் 3600-ல் ஒரு பங்கு. நோய் அதே மாதிரி என்பதால் மருந்தும் அதுவே: புதனுக்கு உட்பக்கம் கண்ணில் படாத ஏதோ ஒன்று சுற்றுகிறது என்றார்.

அதே ஆண்டு டிசம்பரில் ஓர்ழேர் என்ற சிற்றூரில் மருத்துவம் பார்த்துவந்த லெஸ்கார்போ அவருக்குக் கடிதம் எழுதினார். மார்ச் 26 அன்று சூரிய வட்டின்மேல் ஒரு கரும்புள்ளி கடந்து போனதைத் தன் தொலைநோக்கியில் பார்த்ததாகச் சொன்னார். லெ வெரியே நேரில் போய் அவரைக் குறுக்கு விசாரணை செய்தார். தாளுக்குப் பதில் மரப்பலகையில் கணக்கெழுதி, வேண்டாதபோது இழைத்துத் தள்ளுகிற மனிதர் அந்த மருத்துவர். ஆனாலும் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சரியாக வந்தது. கோளுக்கு வல்கன் என்று பெயர் வைத்தார்கள். சுற்றுக்காலம் 19 நாள் 17 மணி. சூரியனிலிருந்து தொலைவு சுமார் 2 கோடியே 10 லட்சம் கிலோமீட்டர். மருத்துவருக்கு அரசு விருதும் கிடைத்தது. 1877-ல் இறக்கும்வரை லெ வெரியே அந்தக் கோளை நம்பினார். 1878 சூரிய கிரகணத்தில் அமெரிக்காவில் இருவர் பார்த்ததாகவும் சொன்னார்கள். மிஞ்சிய கணக்கைப் பின்னால் 43 வினாடிக்கோணம் என்று திருத்தினார்கள். 1915 நவம்பரில் ஐன்ஸ்டைன் தன் புதிய ஈர்ப்புக் கொள்கையிலிருந்து, எந்தக் கோளையும் துணைக்கு அழைக்காமல், அந்த 43-ஐ அப்படியே வரவழைத்துக் காட்டினார். வல்கன் என்று ஒன்று கிடையாது.

1860-ல் நின்று பாருங்கள். நியூட்டன் விதியோடு இசைகிறது. நெப்டியூன் என்ற முன்னுதாரணத்தோடு இசைகிறது. கண்ணால் கண்ட சாட்சி இருக்கிறது. அன்று வல்கனை மறுத்தவர்தான் இசைவில்லாமல் பேசியவர். இசைவே உண்மை என்றால், 1860-ல் அங்கே ஒரு கோள் இருந்தது, 1915-ல் மறைந்தது என்று சொல்ல வேண்டிவரும். அப்படி யாரும் சொல்லமாட்டார்கள். அன்று இருந்த நம்பிக்கைகள் அல்ல, விசாரணை எல்லாம் முடிந்தபின் நிற்கும் முழுத் தொகுப்புதான் உண்மை என்று இக்கோட்பாட்டினர் பதில் சொல்வார்கள். அந்த முழுத் தொகுப்பில் வல்கன் ஏன் இருக்காது என்று கேட்டால், வானத்தில் அது இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது. சுற்றிவந்து அரிஸ்டாட்டில் வாசலில்தான் நிற்கிறோம். 1860-க்கும் 1915-க்கும் நடுவில் மாறியது ஆதாரம். கோள் அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை. முத்திரை மாறுவதைப் பார்த்து உண்மை மாறுகிறது என்று நினைத்த வாசகருக்கு என் முதல் பதில் இது.

உண்மையையும் அது தெரியவருவதையும் பிரித்துவைப்பதில் நம் நாட்டு நியாயவாதிகள், அதாவது நியாயம் என்ற தருக்க மரபினர், மிகத் தெளிவாக இருந்தார்கள். 17-ம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்கசங்கிரகம் இன்றும் தருக்கம் படிப்பவர்களின் முதல் பாடநூல். எதில் எந்தத் தன்மை இருக்கிறதோ அதில் அந்தத் தன்மையை அறிவது யதார்த்தம் என்கிறது அது. வெள்ளியை வெள்ளி என்று அறிவது யதார்த்தம், சிப்பியை வெள்ளி என்று அறிவது அயதார்த்தம். உண்மை என்றால் என்ன என்பது இத்தோடு முடிந்தது. அது உண்மை என்று எப்படித் தெரியும் என்பது தனிக் கேள்வி. அதற்கு அவர்கள் பதில்: வெளியிலிருந்து தெரியும். தூரத்தில் தண்ணீர் தெரிகிறது, போய்க் குடிக்கிறோம், தாகம் தீர்ந்தால் முன்பு கண்டது மெய், தீராவிட்டால் கானல். தாகம் தீர்வது அடையாளம்தான். அதுவே உண்மை என்று அவர்கள் சொல்லவில்லை. ஜேம்ஸ் வழியில் போகிறவர்கள் தாண்டிவிடுகிற கோடு இது.

வேதத்துக்கு விளக்கம் சொல்லும் மரபினரான மீமாம்சகர்கள் இதற்கு எதிர்ப்பக்கம். 7-ம் நூற்றாண்டின் குமாரிலர் கேட்டது இது: ஒவ்வோர் அறிவையும் நிலைநாட்ட இன்னோர் அறிவு வேண்டுமென்றால், அந்த இன்னோர் அறிவை நிலைநாட்ட எது? முடிவே இல்லாமல் போகுமே. ஆகவே அறிவு தன்னளவிலேயே செல்லும்; இரண்டு காரணங்களால் மட்டும் விழும். ஒன்று, பின்வந்த அறிவு அதை நேராக மறுப்பது. மற்றொன்று, அது பிறந்த வழியில் குறை இருப்பது தெரியவருவது, மஞ்சள் காமாலைக் கண்ணால் பார்த்தது போல.

சரிபார்ப்பு மேசைக்கு இந்த இரண்டு காரணங்களையும் பிரித்துப் பார்ப்பது மிகவும் பயன்படும். ஏனென்றால் உங்கள் பகுதியில் அதிகம் நடக்கும் பிழை இங்கேதான். ஓர் ஊரில் வெள்ளம் என்று செய்தி, கூடவே ஒரு படம். படம் மூன்றாண்டுக்கு முன்பு வேறு மாநிலத்தில் எடுத்தது என்று கண்டுபிடிக்கிறீர்கள். உடனே மொத்தச் செய்திக்கும் ‘பொய்’ முத்திரை விழுகிறது. நடந்தது என்ன? செய்தி பிறந்த வழியில் குறை தெரிந்தது, செய்தி மறுக்கப்படவில்லை. ‘இந்தப் படம் இந்த வெள்ளத்தின் படம்’ என்பது தவறு. ‘இந்த ஊரில் வெள்ளம்’ என்பது இன்னும் திறந்தே கிடக்கிறது. அந்த ஊருக்குப் போன் போட்டு, மழை அளவைப் பார்த்து, அணைத் திறப்பை விசாரித்தால்தான் அது மூடும். சாட்சி பொய்த்தால் வழக்கு ஆதாரமில்லாமல் நிற்கும்; அதனால் குற்றம் நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

‘ஆதாரம் இல்லை’ என்ற முத்திரைக்குள்ளும் இரண்டு வேறு நிலைமைகள் ஒளிந்திருக்கின்றன. தேடினோம், கிடைக்கவில்லை என்பது ஒன்று. இருந்தால் கிடைத்தே தீர வேண்டிய இடத்தில் தேடினோம், கிடைக்கவில்லை என்பது மற்றொன்று. இரண்டாவது வெறும் இல்லாமை அல்ல. இன்மைக்கே அது சான்று. குமாரிலர் வழி மீமாம்சகர்கள் இதைத் தனி அளவையாகவே, அதாவது அறிவு பெறும் தனி வழியாகவே எண்ணினார்கள், ஒரு நிபந்தனையோடு: பொருள் அங்கே இருந்திருந்தால் புலப்பட்டிருக்க வேண்டும். வெளிச்சமுள்ள அறையில் குடம் தெரியவில்லை என்றால் குடம் இல்லை. இருட்டறையில் தெரியவில்லை என்றால் ஒன்றும் சொல்வதற்கில்லை. லெஸ்கார்போ கரும்புள்ளியைப் பார்த்ததாகச் சொன்ன அதே நேரத்தில் பிரேசிலில் லியே என்ற வானியலாளர் அவருடையதைவிட நல்ல கருவியில் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்தத் ‘தெரியவில்லை’க்கு எடை உண்டு. செய்தியிலும் அப்படித்தான். அரசிதழில் வந்தே ஆக வேண்டிய ஓர் அறிவிப்பு அந்தத் தேதி அரசிதழில் இல்லை என்றால், ‘தவறு’ என்றே எழுதலாம். இரண்டு தலைவர்கள் தனியறையில் பேசிக்கொண்டதாக ஒரு செய்தி வந்து, இருவரும் வாய் திறக்கவில்லை என்றால், அது இருட்டறை. அங்கே முத்திரை வேண்டாம்.

மணிமேகலையின் 27-ம் காதையான சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதையில் அளவைகள் பத்து, எட்டு, ஆறு என்று ஆசிரியர்களுக்குத் தக்கபடி எண்ணப்படுகின்றன. அதோடு அளவை போலத் தோன்றி ஏமாற்றுபவை என்று எட்டும் வருகின்றன. சரிபார்ப்பாளர்களுக்குத் தமிழில் கலைச்சொல் இல்லை என்று குறைப்படுபவர்கள் அந்தப் பகுதியைப் பார்க்க வேண்டும். எட்டில் மூன்றை மட்டும் சொல்கிறேன். இப்பியை, அதாவது சிப்பியை, வெள்ளி என்று கொள்வது திரியக்கோடல். தூரத்தில் நிற்பது தறியோ (நட்ட கட்டையோ) மனிதனோ என்று தடுமாறுவது ஐயம். அதே தறியை, ஆராயாமல், மனிதன்தான் என்று முடிவுகட்டுவது தேராது தெளிதல். பின் இரண்டிலும் எதிரில் நிற்பது ஒரே கட்டைதான், கண்ணுக்கு எட்டியதும் அதே அளவுதான். ஐயத்தில் நின்றவர் தன் நிலையைச் சரியாகச் சொல்கிறார். தேராது தெளிந்தவர் இல்லாத உறுதியைக் கூட்டிக்கொள்கிறார். பகிரப்படும் செய்திகளில் பெரும்பாலானவை இந்த மூன்றாம் வகை. தேராது தெளிந்தது தற்செயலாகச் சரியாகவும் இருந்துவிடலாம், நின்றுபோன கடிகாரம் நாளைக்கு இரண்டு முறை சரியான மணி காட்டுவது போல. அப்போதும் அந்தக் கடிகாரத்தை நம்பி ரயிலுக்குப் போக முடியாது.

இனி ‘பாதி உண்மை’. ஒரு வாக்கியத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம்: ‘சென்ற ஆண்டு 3 கோடி ரூபாயில் கட்டிய மேம்பாலத்தால் இந்தச் சந்திப்பில் விபத்து பாதியாகக் குறைந்தது.’ இதில் குறைந்தது ஐந்து கூற்றுகள் இருக்கின்றன. பாலம் கட்டப்பட்டது. கட்டியது சென்ற ஆண்டு. செலவு 3 கோடி. விபத்து பாதியானது. பாலம்தான் அதற்குக் காரணம். முதல் மூன்றுக்கும் ஒப்பந்தப் பதிவும் திறப்பு விழாச் செய்தியும் போதும். நான்காவதற்குக் காவல்துறைப் பதிவு வேண்டும். அங்கே இரண்டு எண்களையும் ஒரே நீளக் காலத்துக்கு எடுக்க வேண்டும். 12 மாதத்தை 5 மாதத்தோடு ஒப்பிட்டால் எதுவும் பாதியாகும். 4 விபத்து 2 ஆனதும் பாதிதான், 400 விபத்து 200 ஆனதும் பாதிதான், ஆகவே எண்ணையே அச்சிட வேண்டும். ஐந்தாவது மிகக் கடினம். அதே காலத்தில் பக்கத்துச் சந்திப்புகளிலும் விபத்து குறைந்ததா, வேகத்தடை போட்டார்களா, லாரிகளை வேறு வழியில் திருப்பினார்களா என்று பார்க்காமல் ‘பாலத்தால்’ என்பதைச் சரி என்றும் சொல்ல முடியாது, தவறு என்றும் சொல்ல முடியாது.

இப்படிப் பிரித்து வரிசையாகச் சரி, சரி, சரி, தவறு, தெரியாது என்று போட்டால் வாசகருக்கு எல்லாம் கிடைத்துவிடுகிறது. மொத்தமாக ஒரு வார்த்தை வேண்டுமென்றால் தருக்கம் கறாரானது: ‘இதுவும் அதுவும்’ என்று இணைத்த கூற்றில் ஒன்று தவறினாலும் முழுக்கூற்றும் தவறு. பாதி உண்மை என்று ஒரு நடுத்தர மதிப்பு அதில் கிடையாது. ‘பெருங்கூட்டம்’ போன்ற எல்லை மங்கிய சொற்களுக்கு அப்படி நடு மதிப்புகள் வேண்டும் என்று வாதிடும் தருக்கங்கள் இருக்கின்றன. அந்த விவாதம் வேறு. மேம்பாலச் செலவில் மங்கல் எதுவும் இல்லை.

மக்கள் பேச்சில் பாதி உண்மை என்பதற்கு இன்னொரு பொருள் உண்டு, அது முக்கியமானது. சொன்ன ஒவ்வொன்றும் சரி, கேட்டவர் மனத்தில் விழுந்தது மட்டும் தவறு. குருட்சேத்திரத்தில் தருமன் துரோணரிடம் சொன்னது இதுதான். அசுவத்தாமன் என்ற யானை இறந்தது மெய். ‘யானை’ என்பது கேட்காதபடி தாழ்ந்து ஒலித்தது. துரோணர் தன் மகன் இறந்தான் என்று கொண்டார். இதை ‘பாதி உண்மை’ என்றால் தருமன் ஐம்பது சதம் மெய் பேசினான் என்று ஆகிறது. நடந்தது அதுவல்ல. சொன்னது முழுக்கச் சரி, உணர்த்தியது முழுக்கத் தவறு. இதைத் தனி வகையாகவே காட்டுங்கள்: ‘சொன்னது சரி, உணர்த்துவது தவறு’. பழைய விலையையும் புதிய விலையையும் சரியாகப் போட்டு நடுவில் வந்த வரிக்குறைப்பை மறைக்கும் விளம்பரம், பேச்சின் நடுவில் வெட்டிய காணொளி எல்லாம் இங்கே வரும்.

பேச்சை மேற்கோள் காட்டும் செய்திகளில் இன்னொரு கவனம் வேண்டும். ‘அணையில் விரிசல் என்று பொறியாளர் சொன்னார்’ என்பது ஒரு கூற்று. ‘அணையில் விரிசல்’ என்பது வேறு கூற்று. முதலாவது சரியாக இருந்து இரண்டாவது தவறாக இருக்கலாம். நீங்கள் எதைச் சரிபார்த்தீர்கள் என்பதைத் தலைப்பே சொல்ல வேண்டும். நம் பேச்சுத் தமிழ் இதில் நேர்த்தியானது. ‘மழை பெய்தது’ என்றால் பொறுப்பு சொல்பவர் தலையில். ‘பெய்ததாம்’ என்றால் பொறுப்பு வேறு யார் தலையிலோ. அந்த ஓர் ‘ஆம்’ செய்யும் வேலையைத் தலைப்புகளில் ஆச்சரியக்குறியும் கேள்விக்குறியும் செய்வதில்லை.

‘உண்மை’ என்ற சொல்லே தேவையா என்று கேட்டவர்களும் உண்டு. ‘மழை பெய்தது என்பது உண்மை’ என்பதில் ‘என்பது உண்மை’யை எடுத்துவிட்டால் ஒன்றும் குறைவதில்லை என்று 1927-ல் இங்கிலாந்தின் ராம்சே காட்டினார். சரிதான். ஆனால் ‘அவர் நேற்றுச் சொன்னதெல்லாம் உண்மை’ என்பதில் அதை எடுக்க முடியாது. என்ன சொன்னார் என்று தெரியாமலேயே ஆமோதிக்க அந்தச் சொல் வேண்டும். அப்படி வேண்டியிருப்பதால்தான் ஆபத்தும் வருகிறது. ஒரு தலைவர், ‘எதிர்க்கட்சித் தலைவர் இன்று சொல்லும் ஒரே கூற்று தவறு’ என்கிறார். எதிர்க்கட்சித் தலைவர் அன்று சொன்ன ஒரே கூற்று, ‘அவர் என்னைப் பற்றிச் சொன்னது சரி’ என்பது. முதலாமவர் சொன்னது சரி என்று வையுங்கள். அப்போது இரண்டாமவர் சொன்னது தவறு, அதாவது முதலாமவர் சொன்னது சரியல்ல. தவறு என்று வையுங்கள். அப்போது இரண்டாமவர் சொன்னது சரி, அதாவது முதலாமவர் சொன்னது சரி. எந்தப் பக்கம் போனாலும் முட்டுகிறது. இரண்டு வாக்கியங்களும் தனித்தனியே சாதாரணப் பேச்சுதான்.

இதற்குப் போலந்தின் தருக்கவியலாளர் டார்ஸ்கி 1933-ல் காட்டிய தீர்வு, ஒரு மொழியின் வாக்கியங்களுக்கு ‘உண்மை’ என்று சொல்லும் சொல் அந்த மொழிக்குள் இருக்கக்கூடாது, அதற்கு மேற்பட்ட மொழியில்தான் இருக்க வேண்டும் என்பது. கணிதத்துக்கு அது பொருந்தும், செய்தித்தாள் தமிழுக்கு அப்படி வேலி போட முடியாது. 1975-ல் அமெரிக்கத் தத்துவவாதி கிரிப்கி சொன்னது நமக்கு நெருக்கமானது: ஒரு கூற்றைப் பிடித்துக்கொண்டு கீழே கீழே போனால், ‘உண்மை’, ‘தவறு’ என்ற சொற்கள் இல்லாத ஏதாவது ஒரு தரையைத் தொட வேண்டும். மேலே சொன்ன இருவரின் பேச்சும் ஒன்றையொன்று சுற்றுகிறதே தவிரத் தரையைத் தொடுவதில்லை. ஆகவே ‘அவர் சொல்வதெல்லாம் பொய்’ வகைப் பேச்சைச் சரிபார்க்க எடுக்கவே வேண்டாம். அவர் சொன்ன குறிப்பிட்ட ஒன்றை, அணையை, விலையை, தேதியைத் தொடுகிற ஒன்றை எடுங்கள்.

‘பொய்’ என்ற முத்திரையையும் மாற்றச் சொல்வேன். தமிழில் பொய் என்றால் தவறான கூற்று மட்டுமல்ல, தெரிந்தே சொன்னது என்ற குற்றச்சாட்டும் அதில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பாட்டி நம்பி அனுப்பிய மருத்துவக் குறிப்புக்கு ‘பொய்’ என்று குத்தினால், பாட்டியைப் பொய்யர் என்று சொன்னதாகவே குடும்பம் படிக்கும், உங்கள் விளக்கத்தை யாரும் படிக்கமாட்டார்கள். கூற்றுக்குச் சரி, தவறு போதும். தெரிந்தே சொன்னார் என்று தனிச் சான்று இருந்தால் மட்டும் பொய் என்று எழுதுங்கள். குறளிலும் வாய்மைக்கு 30-ம் அதிகாரம், மெய்யுணர்தலுக்கு 36-ம் அதிகாரம் என்று தனித்தனியே இருக்கிறது. முன்னது சொல்பவரின் ஒழுக்கம், பின்னது பொருளின் நிலை. ‘நன்மை தந்தால் பொய்யும் உண்மை’ என்று குறளை இழுத்து வாட்ஸ்அப் வதந்திக்கு வக்காலத்து வாங்குபவர்கள், வாய்மை அதிகாரத்தில் இருப்பதை மெய்யுணர்தலில் கொண்டுபோய் வைக்கிறார்கள்.

அவரவர் பார்வை என்ற வாசகரின் கருத்தில் ஏற்க வேண்டியதும் உண்டு. ஒரே காற்று ஒருவருக்குக் குளிர்கிறது, இன்னொருவருக்குக் குளிரவில்லை. மனிதனே எல்லாவற்றுக்கும் அளவுகோல் என்ற புரோட்டகோரஸின் கொள்கையை விளக்க, பிளேட்டோ தியேடீட்டஸ் உரையாடலில் எடுத்துக்கொண்ட உதாரணமே இது. ஆனால் ‘குளிர்கிறது’ என்பதில் யாருக்கு என்பது விடுபட்டிருக்கிறது. ‘காய்ச்சலில் கிடப்பவருக்குக் குளிர்கிறது’ என்று நிரப்பினால், அது எல்லோருக்கும் ஒரே மாதிரி உண்மை. மின்கட்டணம் அதிகம், பேருந்து வசதி மோசம் என்பவையும் அப்படியே. யாருக்கு, எதோடு ஒப்பிட்டு என்று நிரப்பிவிட்டுச் சரிபாருங்கள். நிரப்ப முடியாவிட்டால் அது கருத்து, உங்கள் பகுதிக்கு உரியதல்ல. எல்லாமே பார்வைதான் என்றால் அந்தக் கூற்றும் அவருடைய பார்வை மட்டுமே; அதை நான் ஏற்க ஒரு காரணமும் அவரிடம் மிஞ்சாது.

என் வேண்டுகோள் இதுதான். ஒரு கூற்றுக்கு இரண்டு கட்டங்கள் போடுங்கள். முதல் கட்டத்தில் சரி அல்லது தவறு. இரண்டாவதில் எப்படித் தெரியும்: நேரில் பார்த்தது, ஆவணம், கணிப்பு, ஒருவர் சொன்னது, இருந்திருந்தால் கிடைத்திருக்க வேண்டிய இடத்தில் கிடைக்காதது. இரண்டாவது கட்டம் போதாது என்றால் முதல் கட்டத்தைக் காலியாகவே அச்சிடுங்கள். நாளை யார் வெல்வார் என்பது போன்ற கூற்றுகளுக்கும் காலிதான். தேதி இரண்டாவது கட்டத்தில் மட்டும் வரட்டும். முதல் கட்டத்துக்குத் தேதி தேவையில்லை. 1860-ல் வல்கன் பற்றிய கட்டம் போட்டிருந்தால், இன்று திருத்த வேண்டியது முதல் கட்டத்தின் சொல், அதற்குக் காரணமாகச் சேர்க்க வேண்டியது இரண்டாவதில் 1915 என்ற புதிய தேதி. பழைய தேதியை அழிக்காமல் அதன் கீழேயே புதியதைப் போடுங்கள். இணையப் பதிப்பில் இதுவரை மாற்றிய முத்திரைகளுக்கும் இப்படி இரண்டு தேதிகளும் தெரியும்படி செய்தால் நல்லது.

இப்படிக்கு,
தத்துவப் பாட ஆசிரியர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.